சாம்பல் நிறத்தில் ஓர் அப்பா

கல்லூரி இரண்டாம் வருடத்தில் நாங்கள் எடுத்த குறும்படத்தில் அப்பாவை நடிக்க வைத்தது நான்தான். அதனால் அவருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

அப்போது நான் தாம்பரத்தில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தேன். வருட முடிவில் ஒரு குறும்படம் கொடுக்க வேண்டும். என் வகுப்பு நண்பன் ஒருவன் கதை வைத்திருந்தான். பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனும் அவன் தங்கையும் பரணில் கிடந்த பழைய கறுப்பு வெள்ளை டிவியை இறக்கி ஓட விடுகிறார்கள். அவர்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால் வந்த ஒரு குடும்பத் தொடர் அதில் ஓடுகிறது. படம் ஆடுகிறதே என்று பையன் டிவியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறான். அந்தத் தட்டில் இருவரும் தொடருக்குள் போய் விழுகிறார்கள். உள்ளே வீடு, செடி, காப்பி டம்ளர், மனிதர்கள் எல்லாமே சாம்பல் நிறம். அங்கே ஒரு அப்பா இருக்கிறார். தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார், பிள்ளைகளின் தலையைத் தடவுவார், "இன்றைக்கு என்ன படித்தீர்கள், கண்ணுகளா?" என்று கேட்பார். அந்த உலகத்தில் யாரும் யாரையும் அதட்டுவதே இல்லை. சிவப்பு டி-ஷர்ட்டும் எதிர்த்துப் பேசும் வாயுமாக உள்ளே போன இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அந்த உலகத்து மனிதர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது மீதிக் கதை. எங்கிருந்தோ சுட்ட கதை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நண்பனே இயக்குநர். நான் கலை இயக்கம். பையனாக என் தம்பி. தங்கையாக இயக்குநரின் சித்தப்பா பெண்.

அப்பாவாக யார் என்று பேச்சு வந்தபோது நான் என் அப்பாவைச் சொன்னேன். அவருடைய குரலுக்காகச் சொன்னேன். ஞாயிறு ஆராதனையில் அவர் வேதபாடம் வாசித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூடத் தலையைத் தூக்குவார்கள். அந்த வருடம்தான் கணக்கு ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கேட்டதும் வெட்கப்பட்டார். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று மீசையைப் பார்த்துக்கொண்டார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் இரண்டு பிரம்புகள் இருந்தன. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டுப் பிரம்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கும். என் கெண்டைக்கால்களை அதற்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் தம்பியின் வலது கை வீங்கி அவன் அரையாண்டுத் தேர்வு எழுத முடியாமல் போனது. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதாள், ஆனால் ஒரு நாளும் நடுவில் வந்து நின்றதில்லை. அடித்து முடித்த பிறகு அப்பா ஜெபம் பண்ணுவார், நாங்களும் பக்கத்தில் முழங்கால் போட வேண்டும்.

படப்பிடிப்பு பொழிச்சலூரில், இடிக்கப் போகிற ஒரு பழைய வீட்டில். இயக்குநரின் உறவுக்காரர் வீடு. சாம்பல் உலகத்தை கம்ப்யூட்டரில் செய்ய எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் நிஜமாகவே எல்லாவற்றுக்கும் சாம்பல் பூசிவிடுவது என்று நான் சொன்னேன். தரை, கதவு, ஜன்னல் கம்பி, குரோட்டன்ஸ் இலை, நாற்காலி, டம்ளர் எல்லாவற்றுக்கும் பூசினோம். பவுடரையும் கண்மையையும் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பாவின் முகத்துக்கும் கைக்கும் நானே தடவினேன். அவ்வளவு நேரம் அவர் முகத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் தலை தடவும் காட்சி. அப்பா உள்ளே வர வேண்டும், தம்பியின் தலையைத் தடவ வேண்டும், வசனம் பேச வேண்டும். மேலே விமானம் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுத்தோம். ஆனால் காட்சி கெட்டது விமானத்தால் இல்லை. அப்பாவின் கை மேலே எழும்பும் ஒவ்வொரு தடவையும் தம்பியின் தோள் தன்னால் தூக்கிக்கொண்டது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"டேய், ஏன்டா ஒவ்வொரு டேக்லயும் ஒதுங்குற? அவர் உன்ன கொஞ்ச வராருடா" என்றான் இயக்குநர்.

"தெரியாம வருது" என்றான் தம்பி.

பதினோரு தடவை எடுத்தோம். பதினோராவது தடவைக்குப் பிறகு அப்பா கையைப் பார்த்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கடைசியில் தம்பியின் தலையை விட்டுவிட்டு, கை மட்டும் இறங்குவதைத் தனியாக எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் எடுக்க வேண்டியது அப்பா ஆறு மணிக்கு வீடு திரும்பும் காட்சி. கேமரா வீட்டுக்குள்ளிருந்து வாசலைப் பார்க்கும். வாசலுக்கு நேர் எதிரே ஒரு காலிமனையின் சுற்றுச்சுவர். அந்தச் சுவரில் ஒரு இளைஞனின் முகம் வரைந்திருந்தது. கூலிங்கிளாஸ், சுற்றிலும் நீல வானம், இரண்டு வெள்ளைப் புறா, கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும். வெயிலில் வெளுத்திருந்தாலும் நீலம் கேமராவில் பளிச்சென்று தெரிந்தது.

காலையில் நான் அந்தச் சுவரை அளந்துகொண்டிருந்தபோது, தெருமுனையில் மீன் விற்கும் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னா கண்ணு, இதுக்கும் அட்க்கப் போறியா?"

"சும்மா பாக்கறேன்க்கா."

"இந்த சொவுத்த மட்டும் தொடாத. அந்தப் புள்ளய இங்கதான் வெட்னாங்க. அவங்கம்மா தெனம் காலீல வந்து மூஞ்ச தொட்டுக் கும்ட்டுகினு போவுது. அவன் அண்ணங்காரன் ஒரு மாதிரி. சொல்லிட்டேன்."

சரிக்கா என்றேன். முதலில் சாம்பல் நிறத் துணியைக் கட்டிப் பார்த்தேன். காற்றில் துணி படபடத்தது, கேமராவில் துணி என்று அப்பட்டமாகத் தெரிந்தது. மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. வெளிச்சம் போகுது, வெளிச்சம் போகுது என்று இயக்குநர் கத்திக்கொண்டே இருந்தான். "அந்தச் சுவருக்கு பர்மிஷன் கேட்டியா?" என்றான். நான், "கேட்டுட்டேன், ஓகே" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகும் யோசிக்கவில்லை. தண்ணீர் கலந்து அடிக்கிற டிஸ்டெம்பர்தானே, படம் முடிந்ததும் கழுவிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோலரை நனைத்து நெற்றியிலிருந்து ஆரம்பித்தேன். சொரசொரப்பான சுவர் பெயின்டை உறிஞ்சிக்கொண்டது. பத்து நிமிடத்தில் முகம் இல்லை.

பெயின்ட் காயக்கூட இல்லை, இரண்டு பைக்குகளில் ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். சுவரைப் பார்த்து நின்றான். கையை வைத்துப் பார்த்தான். கையில் ஒட்டிக்கொண்ட சாம்பலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"யாரு அட்ச்சது?"

இயக்குநர் மாடிப்படியில் ஏறி ஓடினான். அவன் சித்தப்பா பெண் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அந்த ஆள் முதலில் கையில் கிடைத்த என் தம்பியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். "என் தம்பி மூஞ்சி எங்கடா? சொல்றா, யாரு அட்ச்சது?" என்று கேட்டு ஓர் அறை, கேட்டு ஓர் அறை. தம்பியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் ரோலரைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். என் இரண்டு கைகளும் முழங்கை வரை சாம்பல். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். சாம்பல் சட்டை, சாம்பல் முகம், சாம்பல் மீசை. என் கைகளை ஒருமுறை பார்த்தார்.

"அவனை விடுப்பா. நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார். வேதபாடம் வாசிக்கும் அதே குரல்.

"இன்னா பெர்சு, நீதானா?"

"நான்தான். சின்னப் பசங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அப்பா கீழே விழவில்லை. அதுதான் அவர்களுக்குக் கோபத்தை ஏற்றியது என்று நினைக்கிறேன். ஒருவன் கேமராவைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அதன் ஸ்டாண்டை மடக்கி எடுத்தான். அண்ணன்காரன் அதை வாங்கி வீசினான். அது இடது காதின் மேல் பட்டது. அடுத்தது வலது தோளில். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்த பிறகு இடுப்பில் உதைத்தார்கள். சாம்பல் பூசிய காதிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கி, சாம்பல் தரையில் பரவியது. அப்பா கத்தவில்லை. இடது கையால் தலையை மூடிக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தார். அடி வாங்கும்போது நானும் தம்பியும் அப்படித்தான் கிடப்போம்.

அதைப் பார்த்த அந்த ஒரு நொடி என் மனதுக்குள் ஒரு குரல் வந்தது: 'இப்ப தெரியுதா?'

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நொடிதான். அடுத்த நொடியே ரோலர் கட்டையால் அந்த ஆளின் முதுகில் அடித்தேன். அவன் திரும்பி என்னைத் தள்ளியதில் தலை சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோனதும், நானும் தம்பியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். இயக்குநர் வந்தான். கையில் உடைந்த கேமரா. அழுதிருந்தான், அது உண்மை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்:

"கேமரா கீழ விழுந்தும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கு. அந்த சாம்பல்ல ரத்தம் வர்றது... நாம நெனச்சாக்கூட அப்படி எடுக்க முடியாது."

நான் அவனை அடித்தேன். ஓர் அறையோடு நிற்கவில்லை. அவன் கீழே விழுந்த பிறகும் அடித்தேன். ஒரு கையால் அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டு மறு கையால் அடித்தேன். அப்படிப் பிடித்து அடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நர்ஸும் வாட்ச்மேனும் சேர்ந்து என்னை இழுத்தார்கள். தம்பி மட்டும் எழுந்திருக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தோள் தூக்கியிருந்தது.

புகார் கொடுக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். வலது தோள் எலும்பில் முறிவு, மாவுக்கட்டு. இடது காது ஜவ்வு கிழிந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்ததால், போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அண்ணன்காரன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "என் தம்பி மூஞ்சி எனக்கு வோணும். யாரு அழிச்சாங்களோ அவங்களே வரையணும்." என் பக்கம் பார்த்துத்தான் சொன்னான். ஸ்டேஷனில் எல்லோருக்கும் என் கைகள் தெரிந்தன. எத்தனை சோப்பு போட்டும் நகக்கண்களில் சாம்பல் போகவில்லை.

நான் வரைந்து கொடுத்தேன். மூன்று நாள். அம்மா கூடவே வந்து குடையோடு நின்றாள். அண்ணன்காரன் ஒரு போட்டோவைக் கொடுத்தான். கூலிங்கிளாஸ் போட்ட படம். எனக்குப் பின்னால் பைக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஏதாவது சொன்னான். மூக்கு பெரிசு. கன்னம் ஒட்டிப்போச்சு. இரண்டாம் நாள் மதியம், "இது அவன் இல்ல" என்று எழுந்து வந்து பெயின்ட் டின்களை உதைத்தான். நீலம் என் கால் வழியே ஓடியது. பின்கழுத்தைப் பிடித்து என் கன்னத்தை ஈரச்சுவரில் அழுத்தினான். "இது அவனாடி? பாரு, கிட்டக்க பாரு" என்றான். குடையைக் கீழே போட்டுவிட்டு அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் வந்து நின்றாள். அவனை அசைக்கக்கூட முடியவில்லை.

"வுட்றா அத."

குரல் தெருவிலிருந்து வந்தது. மெலிந்த ஒரு பெண். இறந்தவனின் அம்மா என்று பார்த்ததுமே தெரிந்தது, முகம் அப்படியே இருந்தது. வந்தவள் அவன் முதுகில் செருப்பால் அடித்தாள். மூன்று, நான்கு. அவன் என்னை விட்டுவிட்டு அசையாமல் நின்று வாங்கிக்கொண்டான்.

"கண்ணாடிய எடும்மா" என்றாள் என்னிடம். எனக்குப் புரியவில்லை. சுவரிலிருந்த கூலிங்கிளாஸைக் கை நீட்டிக் காட்டினாள். "எம்புள்ள கண்ணு எனக்கு வோணும். அவனுக்கு ஒரு கண்ணு சின்னது. எடது கண்ணு. எமை பாதி மூடிகினு இருக்கும். ஏழு வயசுல இவன் வுட்ட கல்லு பட்டு அப்டி ஆச்சு. அதுக்குத்தான் அவன் எப்பவும் கண்ணாடி போட்டுகினு சுத்துவான்."

"அம்மா, அது வேணாம்மா" என்றான் அண்ணன்காரன். அவன் குரல் ஸ்டேஷனில் பேசிய குரல் இல்லை.

"நீ சும்மா இரு. நான்தான் பெத்தவ."

மறுநாள் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கண்களை வரைந்தேன். போட்டோ இல்லை. அந்த அம்மா என் பக்கத்தில் நின்று தன் இடது இமையை விரலால் பாதி இழுத்துப் பிடித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்து வரைந்தேன். முடித்ததும் அவள் கிட்டே போய் ஈரத்தோடேயே அந்தக் கண்ணைத் தொட்டாள். அண்ணன்காரன் சுவரைப் பார்க்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

படம் அதோடு நின்றது. வேறு ஒரு குழுவின் படத்தில் எங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுத்து மதிப்பெண் வாங்கினோம். இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவனும் கேட்டான். பழையபடி பேச முடியவில்லை.

வீட்டில் அப்பாவுக்கு நான் சோறு ஊட்டினேன். கட்டுப் போட்ட கையோடு அவர் அந்த நாட்களில் சந்தோஷமாகவே இருந்தார். சபையிலிருந்து பார்க்க வருகிறவர்களிடம், "பிள்ளைகள் மேல கை வெச்சான், சும்மா இருக்க முடியுமா?" என்று சொல்வார். தம்பிகூட அவர் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்திருந்தான். என்னால் அந்தச் சோற்றுப் பருக்கைகளைப் பார்க்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை சொல்லிவிட்டேன்.

"டாடி, அந்தச் சுவரைத் தொடாதன்னு மீன்கார அக்கா அன்னைக்குக் காலையிலயே எங்கிட்ட சொன்னாங்க. வெட்டினது, அவங்க அம்மா வர்றது எல்லாம் சொன்னாங்க. தெரிஞ்சுதான் அடிச்சேன். பர்மிஷன் வாங்கிட்டேன்னு பொய் சொன்னேன்."

அவருக்கு இடது காது கேட்காது. வலது காதை என் பக்கம் திருப்பி, "என்ன?" என்றார். மறுபடியும் முழுதாகச் சொன்னேன். அவர் இடது கையால் என்னை அறைந்தார். பழக்கமில்லாத கை, அதனால் அடி கோணலாக விழுந்து உதடு கிழிந்தது. தட்டு உருண்டு போனது.

"இன்னொரு தடவ கை வெச்சீங்கன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன் டாடி" என்றேன்.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். கிழிந்த என் உதட்டைப் பார்த்தார். பிறகு, "நீ சொல்லியிருக்க வேண்டாம்மா" என்றார்.

"சொல்லாம இருக்க முடியல."

"உனக்காக வாங்கினேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தெரியாம பண்ணின புள்ளைக்காக. அதை வெச்சு ரெண்டு வாரமா நிம்மதியாத் தூங்கினேன். உங்க ரெண்டு பேரையும் நான் அடிச்சதுக்கு..." தரையில் சிந்திய சோற்றை அள்ளினேன்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. மனது மாறியதாலா, தோள் சரியாகக் கூடாமல் கை மேலே எழும்பாததாலா என்று எனக்குத் தெரியாது. தம்பி வேலை கிடைத்ததும் வெளியூர் போய்விட்டான். நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் டிசைனராக இருக்கிறேன். ஊரப்பாக்கத்தில் தனியாக வீடு எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தாம்பரத்து வீட்டில் சாப்பாடு. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

போன மாதம் அப்பாவைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். இப்போது வலது காதும் மந்தமாகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அப்பா முதுகை நிமிர்த்தி, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். உடனே அழுத்த ஆரம்பித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது தடவை. அழுத்திவிட்டு ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார்.

மெஷின் முன்னால் இருந்த பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சார்கிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."